வாய்ப்பூட்டு சாரும் ஒரு டெஸ்ட் கணக்கும்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் வாய்ப்பூட்டு சார். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடாதவரும் இல்லை. ஆளைப் பார்த்தால் பெயர் பொருந்தவே பொருந்தாது. வாய் ஓயாத மனிதர். லிஃப்டில் ஏறினால், இறங்குகிற மாடி வருவதற்குள் பக்கத்தில் நிற்பவரின் மருமகன் எங்கே வேலை பார்க்கிறார் என்பது வரை கேட்டு முடித்துவிடுவார். ஆனால் அவர் சம்பளம் வாங்குவதே மற்றவர்களின் வாயைத் திறந்து மூடுவதற்காகத்தான்.

அந்த அறக்கட்டளைக்குப் பல ஊர்களில் பள்ளிகள் இருந்தன. வாரத்தில் ஒருநாள் ஆன்லைன் வகுப்பு, மாதத்தில் சில நாள் ஆசிரியர் கூட்டம், அவ்வப்போது பெற்றோர் கூட்டம், எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். இந்தக் கூட்டங்களில் யார் மைக்கைத் திறக்கலாம், யார் தன் திரையை மற்றவர்களுக்குக் காட்டலாம், யார் ஓரத்தில் எழுதி அரட்டை அடிக்கலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. விதிகளை மூட்டையாகக் கட்டி அதற்கொரு பெயர் வைத்தால் அது பாலிசி. ஆசிரியருக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று, சும்மா பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ஒன்று. யார் தலையில் எந்த மூட்டை என்று முடிவாக ஏற்றிவைப்பது நம் வாய்ப்பூட்டு சாரின் பொறுப்பு. "நான் பாலிசி போடுற வேலையில இருக்கேன்" என்று கல்யாணமான புதிதில் மச்சினனிடம் சொல்லித் தொலைத்தார். அவன் இன்றைக்கும் வருஷக் கடைசியில் போன் செய்து, "அத்தான், எனக்கு ஏத்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்கிறான்.

இந்த வேலையைச் செய்ய அழகான பக்கம் ஒன்று இருந்தது. கலர் கலராகப் பொத்தான்கள், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குட்டிப் படம். சார் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். அவருக்குக் கட்டளையை எழுத்தாக அடிக்கிற கறுப்பு ஜன்னல்தான் வேண்டும். அதில் ஒரே வரி: யாருக்கு, எந்தப் பாலிசி. நான்கு விரலால் படபடவென்று அடித்துவிட்டு எண்டரை மட்டும் சுண்டுவிரலால் தட்டுவார். அந்தத் தட்டலில் இருந்த மிடுக்கு அவர் நடையில்கூடக் கிடையாது. தவறிப்போய் யாராவது அறைக்குள் எட்டிப் பார்த்தால், "இப்ப இந்த ஒரு வரியில ஆறு ஊர் டீச்சருங்க எல்லாருக்கும் ரெக்கார்டிங் பண்ண அனுமதி குடுத்தாச்சு பாருங்க" என்று குழந்தை பிறந்த செய்தியைச் சொல்வதுபோலச் சொல்வார்.

ஒரே ஒரு குறை. கட்டளை உடனே "ஆகட்டும்" என்று சொல்லிவிடும். ஆவது எப்போது என்று சொல்லாது. சில மணி நேரம் ஆகலாம், மறுநாள்கூட ஆகலாம். தப்பான பாலிசியை ஊருக்கெல்லாம் ஏற்றிவிட்டால், அதை இறக்கியது பலிக்கும் வரை ஊரே சேர்ந்து திட்டும். அதனால் எதையும் முதலில் ஒரே ஆள் மேல் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் எல்லாருக்கும் போடுவது அந்தத் தொழிலில் வழக்கம். அதற்கென்று, பின்னால் நிஜ ஆள் இல்லாத ஒரு டெஸ்ட் கணக்கு வேண்டும் என்று சார் அறக்கட்டளைச் செயலாளரிடம் கேட்டார். செயலாளர் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இல்லாத ஆளுக்கு எதுக்கு சார் கணக்கு? இருக்கிற ஆள்ல யாரையாவது வெச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

இருக்கிற ஆள் என்றால் யார்? ஏதாவது கோளாறு ஆனால் மேலிடத்துக்குப் போய்ப் புகார் சொல்லாத ஆளாக இருக்க வேண்டும். என்ன நடந்தது என்று அன்றைக்கே விவரமாகச் சொல்கிற ஆளாகவும் இருக்க வேண்டும். சார் ரொம்ப யோசிக்கவில்லை. அதே பள்ளியில் புவியியல் நடத்துகிற தன் மனைவியையே தேர்ந்தெடுத்தார்.

முதல் தடவை சொல்லிவிட்டுத்தான் செய்தார். "சும்மா ஒரு டெஸ்ட்" என்றார். டீச்சரும் சரி என்றாள். அதற்கப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். தெரிந்து செய்தால் டெஸ்ட் சுத்தமாக இருக்காது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் மூடாத மனிதர், சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சாயந்திரம் அவள் வீட்டுக்கு வந்து பையைக் கழற்றி வைத்துக்கொண்டே, "இன்னைக்கு வகுப்பு நடுவுல என் திரையைக் காட்டவே முடியலங்க" என்பாள். சாருக்கு முகமெல்லாம் மலரும். ஆகா, பாலிசி பலித்துவிட்டது! வாயில் வருவது மட்டும் வேறு: "உனக்கும் கம்ப்யூட்டருக்கும் ராசியே இல்லம்மா." மறுநாள் காலையில் அவள் தலையிலிருந்து அந்த மூட்டையை இறக்கிவிடுவார். பெரும்பாலும் இறக்கிவிடுவார்.

இப்படியே காலம் ஓடியது. அந்தப் பள்ளியில் தலைமையாசிரியர் பதவி காலியானபோது, போட்டியில் கடைசியாக நின்றது இரண்டு பேர்: டீச்சரும், பிசிக்ஸ் சாரும். டீச்சருக்கு அந்தப் பதவி மேல் எவ்வளவு ஆசை என்பது சாருக்குத் தெரியும். ஆசையை வெளியே காட்டாத பெண் அவள். ஆனால் விண்ணப்பம் போட்ட வாரத்திலிருந்து சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே குழாயிடம் ஆசிரியர் கூட்டம் நடத்தத் தொடங்கியிருந்தாள்.

நேர்காணல் ஆன்லைனில். அறக்கட்டளை உறுப்பினர்கள் பல ஊர்களிலிருந்தும் வருவார்கள். விண்ணப்பித்தவர்கள் தங்கள் திரையைக் காட்டிப் பத்து நிமிஷம் பேச வேண்டும். இரண்டு பேரையும் ஒரு குழுவில் போட்டு, அந்தக் குழுவுக்குப் பேசவும் காட்டவும் அனுமதிக்கிற பாலிசியைச் சார் முந்தின நாளே ஏற்றிவிட்டார். சுண்டுவிரல் மிடுக்காகத்தான் இறங்கியது.

நேர்காணல் அன்று காலை செயலாளர் அம்மா போன் செய்தார். எல்லாம் தயாரா என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டம்மா நல்ல டீச்சர் சார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உறுப்பினருங்க ஒரு விஷயம் கேக்குறாங்க. அவங்களுக்குக் கம்ப்யூட்டர்னா கொஞ்சம் தடுமாற்றமாமே? போன பெற்றோர் கூட்டத்துல பாவம், அவங்களுக்கு மைக்கே திறக்கத் தெரியல. வகுப்புல மேப்பைத் திரையில காட்டத் தெரியாம அட்லஸைத் தூக்கிக் காமிக்கிறாங்களாம். இப்போ இருக்கிற காலத்துல தலைமையாசிரியர்னா... நீங்களாவது வீட்டுல கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாம்."

சார் "சரிங்க மேடம்" என்றார். அத்தோடு போனை வைத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

பெற்றோர் கூட்டத்தன்று காலையில் 'பார்வையாளர்' பாலிசியை அவள் மேல் போட்டுப் பார்த்தது யார்? திரையைக் காட்ட முடியாமல் செய்தது யார்? ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்காக முந்தாநாள் அதே 'பார்வையாளர்' பாலிசியைத் திருத்தி, மறுபடியும் அவள் மேல் போட்டிருந்தார். இறக்கினாரா?

கறுப்பு ஜன்னலில் அவள் கணக்கைக் கேட்டார். இறக்கவில்லை. மைக் இல்லை, திரை இல்லை, அரட்டையும் இல்லை. குழுவுக்குக் கொடுத்த அனுமதி இருக்கிறதே என்றால், அது இங்கே செல்லாது. விடுதியில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு போட்டாலும், டாக்டர் தனியாகச் சொன்ன ஒருவருக்குப் பத்தியம்தான். அன்றைக்கு விருந்தே நடந்தாலும், யாராவது போய் நிறுத்தச் சொல்கிற வரை அவருக்குப் பத்தியம்தான். ஆள் பெயரைச் சொல்லிப் போட்ட பாலிசி, குழுவுக்குப் போட்டதைவிடப் பெரியது. இதை ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவரே அவர்தான்.

சட்டென்று இறக்கினார். "ஆகட்டும்" என்றது ஜன்னல். மறுபடி இறக்கினார். மறுபடியும் "ஆகட்டும்." லிஃப்ட் பொத்தானை விடாமல் அமுக்குகிற ஆளைப்போல அதே வரியைத் திரும்பத் திரும்ப அடித்தார். கீழ்மாடியில் நிற்கிற லிஃப்ட் அதனால் சீக்கிரம் வந்துவிடுமா? நேர்காணல் மதியச் சாப்பாடு முடிந்ததும். கட்டளை பலிக்கச் சாயந்திரம் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

ஆசிரியர் ஓய்வறையில் டீச்சர் தனியாக உட்கார்ந்து, ஆறுகள் திசைமாறுவது பற்றிய படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புது ஹெட்போன். மைக் சரியில்லாததால்தான் பெற்றோர் கூட்டத்தில் பேச முடியவில்லை என்று நினைத்து அவளே வாங்கியது.

"ஒரு சின்ன விஷயம்" என்றார் சார்.

"சின்ன விஷயம்னா இந்நேரம் உக்காந்து டீ கேட்டிருப்பீங்களே. என்ன, சொல்லுங்க."

சொன்னார். டெஸ்ட் கணக்கில் தொடங்கி, செயலாளர் அம்மாவின் மூக்குக்கண்ணாடி வழியாகச் சுற்றி, குழு பெரிதா ஆள் பெரிதா என்று விளக்கி, ஒருவழியாக விஷயத்துக்கு வந்து சேர்ந்தார். டீச்சர் மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"பெற்றோர் கூட்டம்?"

"நான்தான்."

"அட்லஸ்?"

"அதுவும்."

"பசங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனே, டீச்சருக்கு இந்தப் பொத்தானெல்லாம் சரியா வரலப்பான்னு?"

"அதுவும் என்னாலதான்."

"சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேனே. காலேஜ் முடிச்ச பொண்ணுங்க நடுவுல உக்காந்து மவுஸ் எப்படிப் புடிக்கிறதுலேர்ந்து கத்துக்கிட்டேனே. நீங்கதானே ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டீங்க?"

"ஆமா."

"விட்டுட்டு, 'நல்லா கத்துக்கிட்டு வா'ன்னு கையாட்டுனீங்க."

அவள் கத்தியிருந்தால் அவர் தேவலை என்று நினைத்திருப்பார். அவள் கத்தவில்லை. தன்னைப் பற்றித் தானே இத்தனை நாள் நம்பியிருந்த ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது சாருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"இப்ப என்ன வழி?" என்றாள்.

வழி இருந்தது. பாலிசி ஒட்டியிருப்பது கணக்கின் மேல்தான், மனுஷி மேல் அல்ல. அவள் தன் கணக்கில் நுழையாமல், வெளியாள் மாதிரி கூட்டத்துக்கு அனுப்பியிருந்த லிங்க்கைத் திறந்து, ஒரு பெயரை அடித்துவிட்டு வாசலில் காத்திருந்தால், கூட்டத்தை நடத்துகிற செயலாளர் அம்மா உள்ளே விடலாம். பேசவும் காட்டவும் அவரே அனுமதிக்கலாம். ஒன்றுதான் சங்கடம். சொந்தப் பள்ளியில் வேலைபார்க்கிற டீச்சர் எதற்காக வெளியாளாக வந்து நிற்கிறாள் என்று உறுப்பினர்கள் எல்லாருக்கும் முன்னால் யாராவது சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்கும் வரை செயலாளர் அம்மா போனையும் எடுக்கவில்லை.

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றாள் டீச்சர்.

"நானே சொல்றேன்."

"சுருக்கமா சொல்லுங்க. மூக்குக்கண்ணாடியெல்லாம் வேணாம்."

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் தொடங்கியது. பிசிக்ஸ் சார் முதலில் பேசினார். படங்கள் சுழன்றன, எழுத்துகள் பறந்து வந்து உட்கார்ந்தன. நன்றாகத்தான் பேசினார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அடுத்து டீச்சரைக் கூப்பிட வேண்டும்.

"யாரோ வெளியாள் வாசல்ல காத்திருக்காங்க" என்றார் செயலாளர் அம்மா, திரையை உற்றுப் பார்த்து. "பேரு 'டெஸ்ட்'னு போட்டிருக்கு. யாரு இது, விளையாடுறது?"

தன் அறையில் உட்கார்ந்திருந்த சாருக்குக் காது சூடேறியது. மைக்கைத் திறந்தார். "மேடம், அது என் மனைவி" என்றார். பிறகு சொன்னார். இத்தனை நாள் அவள் வகுப்பிலும் கூட்டத்திலும் நடந்த கோளாறுகள் எல்லாம் தான் அவளுக்குச் சொல்லாமல் செய்த பரிசோதனைகள் என்றார். அவளுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று ஒரு பேச்சு இருந்தால் அது தன்னால் வந்த பேச்சு, அதில் கொஞ்சம் வீட்டிலிருந்தே கிளம்பியது என்றார். இன்று அவள் வெளியாளாக நிற்பதற்கும் தானே காரணம் என்றார். பிசிக்ஸ் சாரும் கேட்டுக்கொண்டிருந்தார். வாய்ப்பூட்டு சார் அத்தோடு நிறுத்தினார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

யாரோ ஓர் உறுப்பினர் சிரிப்பை அடக்கி இருமினார். செயலாளர் அம்மாவின் முகம் இறுகியிருந்தது. "உங்ககிட்ட அப்புறம் பேசுறேன் சார்" என்று சொல்லிவிட்டு டீச்சரை உள்ளே விட்டார். பேச அனுமதித்துவிட்டார், திரையைக் காட்ட அனுமதிக்கும் பொத்தான் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. "ஒரு நிமிஷம்மா, தேடுறேன்... இதுவா? இல்ல, இது வேற..."

டீச்சர் காத்திருக்கவில்லை. எத்தனை தடவை காத்திருந்து பழகியவள். பழக்கதோஷத்தில் கை தானாகப் போய் மேசையிலிருந்த அட்லஸை எடுத்தது. கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு நீலக்கோட்டின் மேல் பென்சிலை வைத்து, "இந்த ஆறு முன்னாடி இங்க ஓடல" என்று ஆரம்பித்தாள். எங்கே ஓடியது, ஏன் நகர்ந்தது, பழைய கரையில் வீடு கட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று பென்சில் நகர்ந்துகொண்டே போனது. பக்கம் வழுக்கினால் முழங்கையால் அமுக்கிக்கொண்டாள். செயலாளர் அம்மா ஒருவழியாகப் பொத்தானைக் கண்டுபிடித்து, "கிடைச்சிடுச்சு, இப்ப திரையைக் காட்டலாம்" என்றபோது, இருமிய அந்த உறுப்பினரே, "இருக்கட்டும் மேடம், அவங்க இப்படியே சொல்லட்டும். அப்புறம் அந்த வீடுங்க என்னாச்சு?" என்றார்.

பதவி டீச்சருக்குக் கிடைத்தது. வாய்ப்பூட்டு சாருக்கு எழுத்தில் ஒரு கண்டனமும், போனில் நெடுநேரம் ஓர் அர்ச்சனையும் கிடைத்தன. புதுத் தலைமையாசிரியை முதல் வேலையாக ஒரு டெஸ்ட் கணக்கு கேட்டு அறக்கட்டளைக்கு எழுதினாள். செயலாளர் அம்மா மசியவில்லை. இல்லாத ஆளுக்கு எதற்குக் கணக்கு?

"அப்போ டெஸ்ட் பண்றவர் மேலயே பண்ணிக்கட்டும்" என்று தீர்த்துவிட்டாள். கூடவே ஒரு விதி: எதைப் பரிசோதித்தாலும் தலைமையாசிரியையிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். சார் ஒழுங்காகச் சொல்லிவந்தார். சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டே, "இன்னைக்கு எனக்கு மைக் எடுத்துப் பாக்குறேன், அரட்டையும் போயிடும்" என்பார். அவள் "ம்ம், சரி" என்பாள்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போன ஒருநாள் மதியம் ஆன்லைனில் ஆசிரியர் கூட்டம். எல்லா ஆசிரியர்களுக்கும் கம்ப்யூட்டர் பயிற்சி தர வேண்டும், சனிக்கிழமைதோறும் வகுப்பு வைக்கலாம் என்றாள் தலைமையாசிரியை. யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது. பிசிக்ஸ் சார் மைக்கைத் திறந்து, "நம்ம கம்ப்யூட்டர் சார் இருக்கும்போது வேற யாரு?" என்றார்.

சனிக்கிழமையா! சார் பதறிப்போய் மைக் பொத்தானை அமுக்கினார். அது சாம்பல் நிறத்தில் செத்துக்கிடந்தது. அரட்டைப் பெட்டியைத் தேடினார். அந்த இடமே காணவில்லை. காலையில் போட்ட பாலிசி கனகச்சிதமாகப் பலித்திருந்தது. தன் அறையில் தனியாக உட்கார்ந்து, "வேணாம்! வேணாம்!" என்று கத்திப் பார்த்தார். திரையில் அவர் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"சாருக்கு ஆட்சேபணை இருந்தா தாராளமா சொல்லலாம்" என்றாள் தலைமையாசிரியை. அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். கேமராவை நேராகப் பார்த்த கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு. "ஒண்ணும் சொல்லல. அப்போ முடிவாயிடுச்சு. அடுத்து?"

சாயந்திரம் அவர் வீட்டுக்கு வந்து பையைக் கழற்றி வைத்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கூட்டத்துல நீங்க வாயே திறக்கலியே?"

"மைக் வேலை செய்யல" என்றார் அவர்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. சிவப்புப் பேனாவால் ஒரு மார்க்கைப் போட்டுவிட்டு, "உங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் ராசியே இல்லங்க" என்றாள்.

சார் சிரித்தார். பாதிச் சிரிப்பில் சுருக்கென்றது. இத்தனை வருஷம் சொல்லிவந்த வாக்கியம். கேட்பது அன்றுதான் முதல் தடவை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எத்தனை தடவை சொல்லியிருப்பேன் இதை?" என்று கேட்டார்.

"நான் எண்ணல" என்றாள் அவள், அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டே. "சனிக்கிழமை நானே ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுறேன்."